நடந்தால் பசிக்கும் தேசம்!

இங்கிலாந்து கிராமங்களில் எங்கே சாப்பிடலாம், என்ன செய்யலாம்?

லண்டன் ஐ ராட்டினம், பக்கிங்ஹாம் அரண்மனை வாசல், மேடம் துஸாட்ஸ் மெழுகுப் பொம்மைகள், ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஷாப்பிங். நம்மூர் டூர் பேக்கேஜ்களின் இங்கிலாந்து பெரும்பாலும் இவ்வளவுதான். மிஞ்சிப்போனால் ஒருநாள் பஸ்ஸில் ஏற்றி காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் அழைத்துப் போவார்கள். பைபரி கிராமத்தில் பழைய கல்வீடுகளுக்கு முன்னால் நின்று போட்டோ, போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் ஆற்றங்கரையில் ஓர் ஐஸ்கிரீம், இருட்டுவதற்குள் மறுபடி லண்டன். 'இங்கிலீஷ்காரன் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை' என்ற தீர்ப்போடு விமானம் ஏறிவிடுவோம்.

அவசரத் தீர்ப்பு அது. இங்கிலாந்தின் சாப்பாடு மண்ணோடு ஒட்டியது. அந்தந்தக் குன்றில் மேயும் ஆடு, அந்தந்தப் பள்ளத்தாக்கில் கறக்கும் பால், அந்தந்தக் கரையில் இறங்கும் மீன் என்றுதான் அதன் ருசி பிரிகிறது. அதை அதன் ஊரிலேயே, காலையில் நாலைந்து மைல் நடந்த வயிற்றோடு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடை, பசி, பப் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த நாட்டின் கிராமப்புறம். முதல் இரண்டையும் விட்டுவிட்டுப் போனால் கையில் மிஞ்சுவது போட்டோ மட்டுமே.

அடுத்தவர் வயலில் நம் பாதை

நம்மூரில் அடுத்தவர் தோப்புக்குள் கால் வைத்தால் 'யாருப்பா அது?' என்று குரல் வரும். இங்கிலாந்தில் கோதுமை வயலின் நடுவே, ஆடு மேயும் புல்வெளியின் குறுக்கே, சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றத்தின் வழியாகவேகூட யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று பலகை நட்டிருந்தால் அது பொதுவழி. நிலம் தனியாருடையது என்றாலும் பாதையை அடைக்க அவருக்கு உரிமை கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பொதுவழிகள் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர் இருக்கின்றன. மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு. நீல அம்புக்குறி என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும்கூட அனுமதி.

வயல்வழிகள் பலவும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து நடந்தே நிலைத்தவை. மேட்டுநில மேய்ச்சல் காடுகளின் கதை வேறு. அவற்றைப் பெரும் நிலக்கிழார்கள் பறவை வேட்டைக்காக அடைத்து, காவலாளிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கானோர் ஹேஃபீல்டு என்ற ஊரில் திரண்டு, கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது 20 வயது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதே கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட்தான். மேடுகளிலும் திறந்த வெளிகளிலும் தடையின்றி நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. போராட்டத்தின் 70ஆம் ஆண்டு விழா 2002இல் நடந்தபோது, அந்த மேட்டின் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்த டெவன்ஷயர் பிரபு நேரில் வந்து தன் தாத்தா காலத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

நடக்க ஆசைப்படுபவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை 'எக்ஸ்ப்ளோரர்' வரைபடம். ஒரு கிலோமீட்டர் தரை, நாலு சென்டிமீட்டர் தாளில் விரியும். நடைபாதைகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாக இருக்கும். பப் இருக்கும் இடத்தில் குட்டியாக ஒரு பீர் கோப்பை வரைந்திருப்பார்கள். எங்கே கிளம்பி எங்கே சாப்பிடுவது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

பப்புக்குள் நுழையும் முறை

'பப்' என்றதும் மங்கலான வெளிச்சமும் காதைப் பிளக்கும் இசையும் நினைவுக்கு வந்தால், அதை அழித்துவிடலாம். கிராமத்து பப் என்பது ஊர்ப் பொதுக்கூடம். குழந்தைகள், பாட்டிகள், சேறு படிந்த பூட்ஸோடு நடையர்கள், மேஜைக்கடியில் நாய்கள் என்று எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. குடிக்காதவர்கள் எலுமிச்சைப் பானமோ ஜிஞ்சர் பீரோ எல்டர்ஃபிளவர் பானமோ கேட்கலாம். யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

பல பப்களில் சர்வர் வந்து கேட்பார் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டியதுதான். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்ட்டருக்குப் போய் ஆர்டர் கொடுத்து, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பப் நாள் முழுவதும் திறந்திருந்தாலும் சமையலறை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பல ஊர்களில் பிற்பகல் இரண்டரை வாக்கில் அடுப்பை அணைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். மூன்று மணிக்குப் பசியோடு போய்ச் சேர்ந்தால் சிப்ஸ் பாக்கெட்தான் கதி.

ஞாயிறு மதியம் மட்டும் கதை வேறு. 'சண்டே ரோஸ்ட்' அந்த நாட்டின் வாராந்திர விருந்து. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, பன்றி இவற்றில் ஒன்றை முழுசாக வாட்டி, துண்டு போட்டு, பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், மேலே கிரேவி. மாவும் முட்டையும் பாலும் கலந்து சூடான கொழுப்பில் ஊற்றி, கிண்ணம்போல் உப்பவைக்கும் யார்க்ஷயர் புட்டிங்கும் தட்டில் இருக்கும். மாட்டிறைச்சிக்குக் காரமான ஹார்ஸ்ராடிஷ், ஆட்டுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்று ஜோடிப் பொருத்தம் உண்டு. 'உறைப்பே இல்லை' என்பவர்கள் ஹார்ஸ்ராடிஷை ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டுப் பார்க்கலாம். மூக்கு வழியாகப் பதில் வரும். ஞாயிறு மதிய மேஜைக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

இத்தனை சிறப்பிருந்தும் கிராமத்து பப்கள் வரிசையாக மூடப்பட்டு வருகின்றன. சில ஊர்கள் தங்கள் பப்பை விட்டுக்கொடுக்காமல் மக்களே பங்கு போட்டு வாங்கி நடத்துகின்றன. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்து 'ஓல்டு கிரவுன்' 2003 முதல் அப்படித்தான் கூட்டுறவு பப்பாக இயங்குகிறது. யார்க்ஷயர் டேல்ஸ் மேட்டில் 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் 'டேன் ஹில் இன்' பிரிட்டனிலேயே உயரமான பப். 2021 நவம்பரில் பனிப்புயலில் சாலை அடைபட, அங்கே இசைக் கச்சேரி கேட்க வந்த சுமார் 60 பேர் மூன்று இரவுகள் உள்ளேயே தங்க நேர்ந்தது. சாப்பாடு, வினாடி வினா, பாட்டு என்று அவர்கள் பொழுதைப் போக்கியது உலகச் செய்தியானது.

காட்ஸ்வோல்ட்ஸ்: கம்பளி கட்டிய ஊர்கள்

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள் இங்கிருந்து தொடங்குகின்றன. சின்னஞ்சிறு ஊர்களில் இவ்வளவு பெரிய தேவாலயங்கள் ஏன் என்று தோன்றும். இடைக்காலத்தில் இந்தக் குன்றுகளின் ஆட்டுக் கம்பளிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. அந்தப் பணம்தான் கோபுரங்களாக எழுந்தது. எல்லோரும் படமெடுக்கும் பைபரியின் ஆர்லிங்டன் ரோ வரிசை வீடுகளும் 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டவையே.

செய்ய வேண்டியது ஒன்று: போர்ட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கூட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, வயல்பாதை வழியாக லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்று நடந்து போவது. போய்வர அரைநாள் போதும். அப்பர் ஸ்லாட்டருக்கு ஓர் அபூர்வம் உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் அந்த ஊரிலிருந்து போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். இங்கிலாந்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஊர்கள் மிகக் குறைவு.

கிங்ஹாம் அருகே 'டேல்ஸ்ஃபோர்டு' பண்ணைக் கடை இயற்கை விவசாயத்தின் ஆடம்பர முகம்; விலையும் ஆடம்பரம்தான். டி.வி. நட்சத்திரம் ஜெரமி கிளார்க்சனின் பண்ணைத் தொடரைப் பார்த்தவர்கள், சாட்லிங்டன் அருகே அவரது 'டிட்லி ஸ்குவாட்' கடையையும், 2024இல் பர்ஃபோர்டு பக்கம் அவர் திறந்த 'ஃபார்மர்ஸ் டாக்' பப்பையும் தேடிப் போகிறார்கள். மோர்ட்டன் பக்கத்தில் செசின்கோட் மாளிகையைப் பார்த்தால் நம்மவர்கள் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிச் செல்வத்தோடு திரும்பிய சார்லஸ் காக்கரெல் 1805 வாக்கில் எழுப்பிய முகலாய பாணி மாளிகை அது. வெங்காய வடிவக் குவிமாடம் குளோஸ்டர்ஷயர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. யாருடைய பணம் எந்த ஊரில் கட்டடமானது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மே மாதக் கடைசித் திங்களன்று அங்கே இருந்தால் கூப்பர்ஸ் ஹில் போகலாம். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள டபுள் குளோஸ்டர் சீஸை செங்குத்தான சரிவில் உருட்டிவிட்டு, அதன் பின்னால் ஆட்கள் குட்டிக்கரணம் போட்டுப் பாய்வார்கள். கீழே முதலில் சேர்பவருக்கு அந்த சீஸ் பரிசு. எலும்பு முறிவது அங்கே சகஜம். வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

லேக் டிஸ்ட்ரிக்ட்: ஆடு அறிந்த எல்லை

யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸன்ஹோமில் ரயில் மாறி விண்டர்மியர் சேர சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஏரிகளின் நாடு இது. கெஸ்விக் ஊரிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரியைப் படகில் கடந்து, 451 மீட்டர் உயரமுள்ள கேட்பெல்ஸ் குன்றில் ஏறலாம். பழக்கமில்லாதவர்களும் நிதானமாக ஏறி இறங்கிவிடலாம், உச்சியருகே மட்டும் கையூன்ற வேண்டிவரும்.

வழியில் சாம்பல் நிறத்தில், சிரிப்பதுபோன்ற வெள்ளை முகத்தோடு நிற்பவை ஹெர்ட்விக் ஆடுகள். மலையில் இவற்றுக்குப் பெரும்பாலும் வேலி கிடையாது. தன் மந்தையின் மேய்ச்சல் எல்லை எது என்பதைத் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அந்த இனம் பிழைத்திருப்பதில் 'பீட்டர் ராபிட்' கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டருக்குப் பங்குண்டு. புத்தகப் பணத்தில் பண்ணை பண்ணையாக வாங்கி, ஹெர்ட்விக் வளர்த்தார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்தார். அவரது 'ஹில் டாப்' வீட்டை இன்றும் பார்க்கலாம். ஹெர்ட்விக் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மெதுவாக வேகவைக்கும் 'டேட்டி பாட்', குளிரில் நடந்து வந்தவர்களுக்குச் சரியான சாப்பாடு.

கிராஸ்மியர் தேவாலயத்தை ஒட்டிய குட்டிக் கடையில் 1854 முதல் ஜிஞ்சர்பிரெட் விற்கிறார்கள். சாரா நெல்சன் தொடங்கிய கடை. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் நடுவில் நிற்கும் அந்த இஞ்சிப் பண்டத்தின் செய்முறை ரகசியம். இதே ஊரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த டவ் காட்டேஜும் இருக்கிறது. நடைக்குப் பையில் போட்டுக்கொள்ள கெண்டல் மின்ட் கேக் வாங்கலாம். சர்க்கரையும் புதினாவுமான இந்தக் கட்டி 1953இல் ஹில்லரி, டென்சிங்கோடு எவரெஸ்ட் வரை போய்வந்தது.

தெற்கே கார்ட்மெல் கிராமம். பழைய கொல்லன் பட்டறையில் சைமன் ரோகன் 2002இல் தொடங்கிய 'லான்க்ளூம்' உணவகம் 2022இல் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றது. சொந்தப் பண்ணையில் விளைந்ததைச் சமைக்கிறார்கள். பில் தலைசுற்ற வைக்கும். அதே கிராமத்துக் கடையில் சில பவுண்டுகளுக்கு ஸ்டிக்கி டாஃபி புட்டிங் கிடைக்கும். பேரீச்சம்பழக் கேக்கின் மேல் சூடான டாஃபி சாஸ் ஊற்றிய அந்தப் பண்டமும் கார்ட்மெல்லின் பெருமைதான்.

பீக் டிஸ்ட்ரிக்ட், யார்க்ஷயர் டேல்ஸ்: சீஸும் கற்சுவரும்

ஷெஃபீல்டு-மான்செஸ்டர் ரயிலில் ஈடேல் நிலையத்தில் இறங்கினால், பென்னைன் வே தொடங்கும் இடம். 1965இல் திறக்கப்பட்ட இந்த 268 மைல் பாதை ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகிறது. முழுதும் வேண்டாம், கிண்டர் ஸ்கவுட் ஏறி இறங்கினாலே ஒரு நாள் போய்விடும். டெர்பிஷயர் கிராமங்களில் மே முதல் கோடை முழுக்கக் 'கிணற்று அலங்காரம்' நடக்கும். ஈரக் களிமண் பரப்பிய பலகைகளில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்து, ஊர்க் கிணறுகளின்மேல் நிறுத்துவார்கள். ஓணத்துப் பூக்கோலத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். டிஸ்ஸிங்டன் கிராமம் இதற்குப் பேர்போனது.

பேக்வெல் ஊரில் பாதாமும் ஜாமும் முட்டையும் சேர்ந்த பேக்வெல் புட்டிங் சாப்பிடலாம். நீலநரம்பு ஓடும் ஸ்டில்டன் சீஸையும் இங்கே வாங்கலாம். சட்டப்படி டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்று மாவட்டங்களில் மட்டுமே அதைத் தயாரிக்க முடியும். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்டன் என்ற ஊர் இந்த மூன்றிலும் இல்லை. தன் பெயர் கொண்ட சீஸை அந்த ஊரே தயாரிக்க முடியாது.

வடக்கே யார்க்ஷயர் டேல்ஸில், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மலை உச்சி வரை ஓடுகின்றன. மால்ஹம் கோவ் என்ற வளைந்த சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறிப் போகலாம். ஹாஸ் ஊரில் வென்ஸ்லிடேல் சீஸ் ஆலை இருக்கிறது. 1992இல் அன்றைய உரிமையாளர் ஆலையை மூட, உள்ளூர் நிர்வாகிகளே சேர்ந்து வாங்கி, பழைய தொழிலாளர்கள் சிலரோடு அதே ஆண்டில் மறுபடி திறந்தார்கள். 'வாலஸ் அண்ட் கிராமிட்' கார்ட்டூனில் வாலஸ் இந்த சீஸுக்கு உருகியதும் அதன் புகழைப் பெருக்கியது. பழக் கேக்கோடு ஒரு துண்டு வென்ஸ்லிடேல் சேர்த்துச் சாப்பிடுவது யார்க்ஷயர் வழக்கம். விசித்திரமாகத் தெரியும்; ஒருமுறை சாப்பிட்டால் சரியென்று படும்.

டெவன், கார்ன்வால்: முதலில் ஜாமா, கிரீமா?

தென்மேற்கு மூலையில் 630 மைல் கடற்கரைப் பாதை மைன்ஹெட் முதல் பூல் துறைமுகம் வரை போகிறது. எந்த இடத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தாலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அட்லான்டிக்கோ ஆங்கிலக் கால்வாயோ துணைக்கு வரும். நடையின் முடிவில் கிரீம் டீ. ஸ்கோனைப் பிட்டு, ஸ்ட்ராபெரி ஜாமும் 'கிளாட்டட் கிரீமும்' தடவி, தேநீரோடு சாப்பிடுவது. மெதுவான சூட்டில் வைத்து, ஆறவிட்டு, மேலே மஞ்சள் ஏடு கட்டிய கெட்டிப் பாலாடை அது. கொழுப்பு குறைந்தது 55 சதவீதம். கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், மேலே கிரீம் என்பார்கள். டெவன்காரர்களுக்குக் கிரீம்தான் அடியில். எந்தப் பக்கம் இருக்கிறோமோ அந்தப் பக்கத்துக்குத் தலையாட்டிவிடுவது உத்தமம்.

கார்னிஷ் பேஸ்ட்டி சுரங்கத் தொழிலாளர்களின் கட்டுச்சோறு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு நான்கையும் பச்சையாகவே மாவுக்குள் வைத்து, ஓரத்தை முறுக்கி மூடி, அடுப்பில் வேகவிடுவார்கள். 2011 முதல் இதற்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. கார்ன்வாலில் செய்தால்தான் அந்தப் பெயர். தகரமும் செம்பும் தோண்டிய அந்தத் தொழிலாளர்கள், அங்கே சுரங்கங்கள் நொடித்தபோது உலகெங்கும் கப்பலேறினார்கள். 1880களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலை நடத்தத் தொடங்கியபோது அங்கேயும் வந்தார்கள். வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கமிருந்து போன தமிழர்கள் அவர்களுக்குக் கீழே அதே இருட்டில் உழைத்தார்கள். கார்ன்வாலின் பழைய இன்ஜின் கூடங்களும் புகைபோக்கிகளும் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

சைவர்கள் கவனிக்க

கிராமத்திலும் இன்று சைவம் தாராளமாகக் கிடைக்கிறது. காளான் பை, சூப்பும் ரொட்டியும், தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் சீஸும் பீன்ஸும், சீஸ்-வெங்காய பேஸ்ட்டி, ரொட்டி-சீஸ்-ஊறுகாய் அடங்கிய 'ப்ளோமன்ஸ் லஞ்ச்' என்று பட்டியல் நீளும். ஆனால் சில இடங்களில் கேட்டே ஆக வேண்டும். யார்க்ஷயர் பக்கம் பல கடைகளில் மீனும் சிப்ஸும் மாட்டுக் கொழுப்பில் பொரிபடும். உருளைக்கிழங்குதானே என்று நம்பி வாங்கக் கூடாது. யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு, கொழுப்பும் இருக்கலாம். பாரம்பரிய சீஸ் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேரும். சைவ ரென்னெட் என்றால் உறையில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். 'சூயட்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. 'பிளாக் புட்டிங்' இனிப்பு அல்ல, பன்றி ரத்தத்தில் செய்த சாஸேஜ். ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கவலை குறைவு: 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிச் சொல்ல வேண்டியது உணவகங்களின் சட்டக் கடமை.

கிளம்பும் முன்

ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள், மே தொடக்கம் வரை காட்டில் நீல மணிப்பூக்கள், ஜூன்-ஜூலையில் நாமே பறித்துக்கொள்ளும் ஸ்ட்ராபெரித் தோட்டங்கள், ஆகஸ்டில் ஊதாப் பூத்த மேட்டுநிலம், செப்டம்பர்-அக்டோபரில் ஆப்பிளும் சைடரும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால் 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம்; நம்மைப்போல் இடதுபக்கப் பயணம்தான். கிராமச் சாலைகள் ஒரு கார் மட்டுமே போகும் அகலம், எதிரில் வண்டி வந்தால் யாராவது பின்னால் எடுக்க வேண்டும். பஸ்ஸில் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பாருங்கள், பல ஊர்களுக்கு அன்று வண்டியே கிடையாது. மழைச்சட்டையும் நீர் புகாத ஷூவும் எந்த மாதத்திலும் கட்டாயம். நீங்கள் திறந்த வாயிற்கதவை மூடிவிட்டுப் போங்கள். மாடுதானே என்று பாசத்தோடு நெருங்க வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுக்கள் நடையர்களை முட்டித் தள்ளிய சம்பவங்கள் அங்கே உண்டு. பண்ணை வாசலில் ஆளில்லாமல் முட்டையோ ஜாமோ வைத்திருந்தால், பக்கத்து டப்பாவில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போகிற பெற்றோர்கள் இன்று ஏராளம். மெழுகுப் பொம்மைகளுக்கு ஒதுக்கும் நாளைக் கிராமத்துக்கு மாற்றச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே இரண்டு இரவு தங்கி, காலையில் நடந்து, மதியம் பப்பில் உட்காருங்கள். இங்கிலீஷ்காரன் சாப்பாட்டைப் பற்றிய தீர்ப்பை அதன் பிறகு எழுதலாம்.